கென்ட்ரெல் மேப்ரியின் கால்

கென்ட்ரெல் மேப்ரி இடது காலை இழுத்து இழுத்து நடந்து போவதை லைல் ஸ்டக்கி தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டார்.

சமையலறை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். கழுவிக்கொண்டிருந்த காப்பிக் கோப்பை கையிலேயே நின்றுவிட்டது. வெளியே பனி கொட்டி ஓய்ந்த வியாழக்கிழமைக் காலை. ஆறடி ஒன்பது அங்குல உயரத்தில், கல்லூரியின் பச்சை மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பையன் வேலியோரமாக நொண்டிக்கொண்டு போனான். ஜன்னலுக்கு நேரே வந்ததும் நின்றான். முழங்காலைத் தடவி விட்டுக்கொண்டான். மறுபடியும் நொண்டினான்.

"ஆண்டவரே!" என்றார் லைல்.

வேறு யாருடைய காலாக இருந்தாலும் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். சனிக்கிழமை வேப்ரிட்ஜ் கல்லூரியோடு கூடைப்பந்து ஆட்டம், அதுவும் சொந்த அரங்கத்தில். இந்தியானாவின் இந்த மூலையில் அந்தத் தேதியில் யாரும் கல்யாணம்கூட வைக்க மாட்டார்கள். கென்ட்ரெலுக்கு இது கடைசி வருஷம். அவன் அம்மா அலபாமாவிலிருந்து பஸ் ஏறி, மகன் ஆடுவதை முதல் தடவையாக நேரில் பார்க்க வருகிறார் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள்.

லைல் இப்போதெல்லாம் ஆட்டத்தை வானொலியில்தான் கேட்கிறார். மனைவி ஆர்லின் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. கல்யாணமான வருஷத்திலிருந்து அரங்கத்தில் அவர்களுக்கு ஒரே இடம்தான். படிக்கட்டை ஒட்டி அடுத்தடுத்து இரண்டு இருக்கைகள். ஆர்லின் தன் அப்பாவின் பண்ணையிலிருந்து கொண்டுவந்த மாட்டுமணியை ஆட்டிக்கொண்டே இருப்பாள். "அவ மணியடிச்சா நடுவருக்கே பால் கறக்கத் தோணும்" என்று ஊரில் சொல்வார்கள். இப்போது அந்த மணி சமையலறை ஆணியில் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. டிக்கெட்டை மட்டும் லைல் வழக்கம்போல இரண்டாகவே எடுத்தார். எடுத்து இழுப்பறையில் போட்டார். போகவில்லை. கதவைத் தட்டினால் திறக்கவில்லை, போன் அடித்தால் எடுக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கடைசிப் பாட்டு முடியுமுன்பே நழுவிவிடுவார். ஆண்டவரிடமும் அவருக்குச் சொல்ல அதிகம் எதுவும் இருக்கவில்லை.

ஆனால் இது முழங்கால் விஷயம். ஒரு மனிதன் தனியாகச் சுமக்கக்கூடியதல்ல. போனை எடுத்து, பழைய முடிதிருத்தும் கடை டுவைட்டைக் கூப்பிட்டார்.

"டுவைட்டா? நான் லைல்."

மறுமுனையில் நாற்காலி இழுக்கும் சத்தம்.

"யோவ், இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். கொஞ்சம் உக்காந்துக்கறேன். நீயா போன் பண்றே? யார் செத்தது?"

"யாரும் சாகல. கென்ட்ரெல் நொண்டறான்யா. இடது முழங்கால். உன்னோட வச்சுக்க. வேப்ரிட்ஜ்காரன் காதுல விழுந்தா அந்தக் காலைக் குறிவச்சே மோதுவான்."

"என்கிட்ட சொல்றியா? வாழ்நாள் பூரா முடி வெட்டினவன். ஊர் ரகசியமெல்லாம் இந்த வயித்துக்குள்ளதான் இருக்கு."

மதியத்துக்குள் அந்த வயிறு காலியாகிவிட்டது.

போன் அடித்தது. டுவைட்டாக இருக்கும் என்று லைல் எடுத்தார். எடுத்த பிறகுதான் அது வெர்னா என்று தெரிந்தது. வெர்னா ஆர்லினின் உயிர்த்தோழி. சபையின் ஜெபச் சங்கிலி அவள் பொறுப்பில் இருந்தது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவள் ஒருத்திக்குப் போன் செய்வாள், அந்த ஒருத்தி இன்னொருத்திக்கு. அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் சபை முழுக்க ஜெபம் செய்துகொண்டிருக்கும். போகிற வழியில் வியாதி கொஞ்சம் வளரும், அவ்வளவுதான்.

"லைல், கென்ட்ரெலுக்கு ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரியில?"

"ஆபரேஷனா? யாரு சொன்னா?"

"நீ சொன்னதாத்தான் டுவைட் சொன்னான். சபையே அவனுக்காக முழங்கால் போட்டிருக்கு."

"அம்மா தாயே, நொண்டறான்னுதான் சொன்னேன்! சங்கிலியை நிறுத்து மொதல்ல."

"ஆண்டவர்கிட்ட போனதை எப்படித் திரும்ப வாங்கறது? நீ வேணா பாபெட் கடைக்குப் போய் உன் வாயாலயே சொல்லிடு. எல்லாரும் அங்கதான் உக்காந்து ஒப்பாரி வைக்கறாங்க."

வேறு வழியில்லை. லைல் மேலங்கியை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

பாபெட்டின் சாப்பாட்டுக் கடையில் நீள மேஜையைச் சுற்றி ஊரின் வைத்தியர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் வைத்தியம் படித்தவரில்லை.

"பனிக்கட்டி வைக்கணும்" என்றார் ஒருவர்.

"பனிக்கட்டியா? சூடு வைக்கணும்யா. எங்க குதிரைக்கு அப்படித்தான் சரியாச்சு."

"அந்தக் குதிரை செத்துப்போச்சே."

"செத்தப்ப கால் நல்லாத்தான் இருந்துச்சு."

லைல் உள்ளே வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாபெட் ஒன்றும் கேட்காமல் அவருடைய பழைய முக்காலியைத் துடைத்து, காப்பியையும் ஒரு துண்டு கிரீம் பை இனிப்பையும் வைத்துவிட்டுப் போனாள். அவர் வந்த காரியத்தைச் சொல்வதற்குள் டுவைட் வேறு கதையை ஆரம்பித்துவிட்டான்.

"வலியோட ஆடினவன் இல்லையா நம்ம ஊர்ல? அந்தப் பெரிய பனிப்புயல் வருஷம், நெட்டை ரூடி கட்டைவிரல் ஒடிஞ்சே ஆடினானே."

"கட்டைவிரல் இல்லய்யா, சுண்டுவிரல்" என்றார் லைல், தன்னை அறியாமல். "கட்டுப்போடத் துணி இல்லைன்னு ஆர்லின் தன் தலை ரிப்பனை அவிழ்த்துக் கொடுத்தா. சிவப்பு ரிப்பன். பாதி ஆட்டத்துல அது அவிழ்ந்து நடுவர் மூக்குல மாட்டிக்கிச்சு."

மேஜையே அதிர்ந்து சிரித்தது. லைலும் சிரித்தார். அவள் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்லி எத்தனை நாளாயிற்று! கிரீம் பையை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது. எழுந்து நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. கென்ட்ரெலுக்கு ஒண்ணுமில்ல. நான் தப்பாப் பார்த்திருப்பேன். அவன் கால் கல்லு மாதிரி இருக்கு."

டுவைட் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான்.

"ரெண்டு குளிர்காலமா ஞாயிறு ஆராதனையைத் தவிர எங்கேயும் வராத மனுஷன், பனியில நடந்து வந்து ஒண்ணுமில்லைங்கறான்னா... அவ்வளவு மோசமா லைல்?"

சாயங்காலத்துக்குள் கென்ட்ரெலின் வியாதி, பெயர் சொல்லக்கூடாத வியாதியாக உயர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை லைல் ஜன்னலுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பையன் வந்தான். நொண்டினான். லைல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். இன்றைக்கு அவன் இழுத்தது வலது கால்.

செருப்போடு பனியில் ஓடினார்.

"தம்பி! தம்பி, நில்லு! கால் எப்படி இருக்கு?"

கென்ட்ரெல் திரும்பினான். முகத்தில் ஒரு திகைப்பு.

"எந்தக் கால் சார்?"

லைல் தலையில் கை வைத்துக்கொண்டார். இரண்டு காலும் போய்விட்டது, அதையும் எவ்வளவு அடக்கமாகக் கேட்கிறான்!

"அம்மா வர்றாங்களாமே?"

"ஆமா சார். நாளைக்குக் காலைல இறங்கறாங்க. நான் ஆடறதை அவங்க ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை." சொல்லிவிட்டுப் பையன் லைலின் காலைப் பார்த்தான். "சார், சாக்ஸ் நனையுது. உள்ளே போங்க." அவரைத் தோளோடு அணைத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டான். அந்தப் பதினைந்து அடியும் அவன் நொண்டவில்லை என்பதை லைல் கவனிக்கவில்லை; கண் கலங்கியிருந்தது.

அன்று அவரே வெர்னாவைக் கூப்பிட்டார். "வெர்னா, மறு காலுக்கும் பரவிடுச்சு."

மறுமுனையில் ஒரு இருமல் சத்தம். நெடுநேரம் இருமினாள்.

"ரெண்டு காலுமா லைல்?"

"ரெண்டும். அந்தத் தாய் பஸ்ல வந்துட்டிருக்காங்க. ஏதாவது செய். எல்லாரையும் சேர்."

சேர்ந்தார்கள். நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட தட்டுகள் ஊரின் எல்லா அடுப்பிலிருந்தும் விடுதிக்குப் போயின. குளிர்பெட்டி நிறைந்து, மிச்சம் ஜன்னல் விளிம்பில் பனியில் அடுக்கப்பட்டது. வேப்ரிட்ஜில் இருக்கும் வெர்னாவின் தங்கை வழியாகச் சங்கிலி எதிரி ஊருக்கும் நீண்டது. அந்த ஊர்ச் சபையும் உருக்கமாக ஜெபித்துவிட்டு, ஒரு பெரிய ஆப்பிள் பை அனுப்பியது. ஆக, எதிரணிக்கும் தெரிந்துபோயிற்று.

லைல் சமையலறை மேஜையில் தலைகுனிந்து ஜெபித்தார். ரொம்ப நாளுக்குப் பிறகு நீளமாக ஜெபித்தார். "ஆண்டவரே, எந்தக் கால்னு உமக்கே தெரியும். ஒண்ணையாவது திருப்பிக் கொடும்."

சனிக்கிழமை மதியம் வெர்னாவின் போன் வந்தது.

"லைல், கோச் கென்ட்ரெலை இறக்க மாட்டேங்கறார்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"டாக்டர் ரெண்டு காலையும் படம் எடுத்துப் பார்த்துட்டு ஒண்ணுமில்லைங்கறார். கோச் நம்பல. ஊரே பார்த்திருக்கு, டாக்டர் ஒருத்தர் மட்டும் பார்க்கலையாங்கறார். பையன் வலியை மறைக்கறான்னு நினைக்கறார்."

"ஊரே பார்க்கல. நான் ஒருத்தன்தான் பார்த்தேன்!"

"அதை அவர்கிட்ட நேர்ல வந்து சொல்லு. பாவம், அந்தம்மா அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து மகன் பெஞ்சுல உக்காந்திருக்கறதையா பார்ப்பாங்க? அவங்களுக்கு உக்கார இடம்கூடக் கிடைக்கல. டிக்கெட் எல்லாம் எப்பவோ தீர்ந்துபோச்சு."

லைல் போனை வைத்தார். இழுப்பறையைத் திறந்தார். இரண்டு டிக்கெட்டுகளும் அங்கேயே இருந்தன. சாவிக்கொத்தை எடுக்க ஆணிப்பக்கம் கையை நீட்டியபோது மணி ஒரு தடவை 'டங்' என்றது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அதையும் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அரங்கத்துக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை அவரை நிறுத்தியது. சோளப்பொரி, மெழுகு போட்ட மரத்தரை, நனைந்த கம்பளி. எதுவும் மாறவில்லை. வாத்தியக்குழுவில் அதே மாதிரி ஒருவன் ஒரு நொடி முந்தியே தாரை ஊதினான். ஆர்லின் அதற்குத்தான் ஒவ்வொரு ஆட்டத்திலும் சிரிப்பாள்.

கோச் ஹால்வர்சன் ஆட்டக்களத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லைல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றார்.

"கோச், எல்லாம் என் வாயால வந்த வினை. எனக்குக் கண் சரியில்ல. ஒரு நாள் இடதுன்னேன், மறுநாள் வலதுன்னேன். அப்படிப்பட்டவன் பேச்சை நம்பலாமா? பையனை இறக்குங்க."

கோச் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"கால் விஷயத்தை விடுங்க மிஸ்டர் ஸ்டக்கி. உங்க ஊர் நூடுல்ஸைத் தின்னுட்டு மத்த பசங்க எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. இப்ப ஓடக்கூடியவன் அவன் ஒருத்தன்தான். இறக்கறேன், ஆனா ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க."

"நீங்க உங்க இடத்துலயே உக்காந்து கடைசி வரைக்கும் பார்க்கணும். காலை இழுத்தான்னா எனக்குக் கை காட்டணும். வானொலியில கால் தெரியாது."

ஆகவே லைல் உட்கார்ந்தார். ஆர்லினின் இருக்கையில் கென்ட்ரெலின் அம்மாவை உட்கார வைத்தார். வெர்னா அதற்கு அடுத்ததில், டுவைட் பின்னால். திருமதி மேப்ரி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என் பையனுக்கு என்னவோன்னு பஸ் ஸ்டாண்டுலேயே மூணு பேர் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க" என்றார். "நான் பயந்தே போயிட்டேன்."

"நல்ல ஊருங்க இது" என்றார் லைல். "கொஞ்சம் அவசரக்கார ஊர்."

ஆட்டம் தொடங்கியது. வேப்ரிட்ஜ்காரர்கள், இரண்டு காலும் போனவனுக்குக் காவல் எதற்கு என்று கென்ட்ரெலைத் தனியாக விட்டார்கள். அவன் தனியாகவே பந்தை வாங்கினான், தனியாகவே கூடையில் போட்டான். அவர்கள் சுதாரிப்பதற்குள் பாதி ஆட்டம் போய்விட்டது. லைல் அவன் காலைத் தவிர வேறெதையும் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார். எப்போது எழுந்து நின்றார், எப்போது மணியை வெளியே எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. 'டங் டங் டங்' என்ற சத்தம் கேட்டதும் எதிர்ப்பக்கத்தில் யாரோ, "ஆர்லின் மணி!" என்று கத்தினார்கள். கத்தல் அரங்கத்தைச் சுற்றி வந்தது. லைல் கையை நிறுத்தாமல் ஆட்டினார். கன்னத்தில் நீர் வழிந்தது; துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. பிறகு மணியைத் திருமதி மேப்ரியிடம் கொடுத்தார். அந்தம்மா அதை ஆட்டிய வேகத்தில் கைப்பை கீழே விழுந்தது.

ஜெயித்தார்கள். கென்ட்ரெல் வேர்க்க விறுவிறுக்கப் படியேறி வந்து அம்மாவைத் தூக்கியே விட்டான். பிறகு வெர்னாவின் பக்கம் குனிந்து, அந்த இரைச்சலில் கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு, லைலின் காதுக்கு நேரே உரக்கக் கேட்டான்:

"வெர்னாம்மா, புதன்கிழமை ஆட்டத்துக்கும் நான் சார் வீட்டு ஜன்னல் பக்கமா நொண்டிட்டுப் போகணுமா, இல்ல இனிமே அவரே வந்துடுவாரா? போகணும்னா, இந்தத் தடவையாவது எந்தக் கால்னு மொதல்லயே சொல்லிடுங்க."