எம்.பி.யின் விரலில் ஏறிய மோதிரம்

லா கூர்னெவ்,
14.03.2019

அன்புள்ள தங்கை மனோரஞ்சிதத்துக்கு,

லியோனில் நீயும் மச்சானும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே என் முழங்கால் சுகம்; மனம்தான் சுகமில்லை. உன் மகள் ரூபிகா என் வீட்டிலேயே இருந்தும் என்னோடு கதைப்பதில்லை. குற்றம் முழுவதும் என்னுடையது.

அவளுடைய வேலை என்னவென்று போனில் கேட்டாய். ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளிக்கூட அதிபர் இடைவேளையைக் குறைக்க நினைக்கிறார் என்று வை. பிள்ளைகளின் நியாயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல மாணவர் தலைவர் போவார் அல்லவா? சட்டம் எழுதுபவர்களிடம் அப்படிப் போவதுதான் சட்டத்தரணிகள் நிறுவனத்தில் அவள் வேலை. அவளை நம்பி முதன்முதலாகத் தனியே ஒப்படைத்த கோப்பு பாரிஸ் லா சப்பல் தெருவில் உள்ள எங்கள் தமிழ்க் கடைக்காரருடையது. விமானத்தில் வரும் முருங்கைக்காய்க்குப் பெட்டிக்குப் பெட்டி சோதனை என்று ஒரு சட்டமூலம் வருகிறது; அதில் ஒரு வரியை மாற்ற வேண்டும். மாதக்கணக்காக அலைந்து, தர்மராசாவின் பலசரக்குக் கடையை நேரில் வந்து பார்க்க ஒரு எம்.பி.யைச் சம்மதிக்க வைத்தாள்.

"மாமா, ஒரு தேத்தண்ணி மட்டும்" என்று சொல்லித்தான் வைத்தாள். வாசல் மிதித்த மனிதரை வெறும் தேத்தண்ணியோடு அனுப்புவதா? நானும் தர்மராசாவும் பொன்னாடை போர்த்தினோம், மாலை போட்டோம், அதோடு நிறுத்தியிருக்கலாம், கடைக்காரர் சேர்ந்து செய்வித்த பவுண் மோதிரத்தை நானே அவர் விரலில் ஏற்றி, எங்கட பிள்ளை சொன்னபடி சட்டத்தை மாத்தித் தரப்போற ஐயாவுக்கு எங்கட சின்ன அன்பளிப்பு என்று ஒலிவாங்கியில் பிரெஞ்சிலும் சொல்லிவிட்டேன். மனிதர் வெளிறிப்போய்க் கழற்றப் பார்த்தார், வரவில்லை. தர்மராசா நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்து, "மெசியே, கையை இஞ்சை நீட்டுங்கோ" என்று விரலைப் பிடித்து உருவ, கடைக்காரர் சங்கத்துப் பெடியள் அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டார்கள். முருங்கைக்காயை அவர் பார்க்கவேயில்லை.

அன்று பின்னேரமே எம்.பி. இந்த விஷயத்திலிருந்து விலகிக்கொண்டார். கோப்பு ரூபிகாவின் நிறுவனத்திலேயே வலன்ரைன் என்ற இன்னொருவரிடம் போய்விட்டது. எதற்கும் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை தமிழில் தொடங்கியபோதே எனக்குப் பயம் வந்தது.

"மாமா, நான் ஆக்களைச் சந்திக்கலாம், கதைக்கலாம், எழுதிக் குடுக்கலாம். ஒரு பேனைகூடப் பரிசாக் குடுக்கக்கூடாது."

"வெறுங்கையோடையே பிள்ளை சட்டத்தை மாத்திறனீங்கள்?"

"ஓம் மாமா. அதுக்குத்தான் படிச்சனான்."

மரியாதை என்று நான் செய்தது, அவள் படித்த படிப்புக்கு மேலே ஒரு மோதிரம் தேவைப்பட்டது என்று ஊருக்குச் சொன்னது போலாகிவிட்டது. கறியைச் சூடாக்கி மேசையில் வைக்கிறேன். தொடாமல் வேலைக்குப் போகிறாள். நீ ஒரு வார்த்தை சொல்லு, தங்கச்சி. இனி அவள் அலுவலில் நான் தலையிட மாட்டேன்.

மச்சானுக்கு என் அன்பு. மடு மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

உன் அண்ணன்,
கபிரியேல்

பி.கு.: ரூபிகாவின் மேலாளர் மர்கரீத் அம்மையார் நடந்ததை விசாரிக்கச் சனிக்கிழமை கடைக்கு வருகிறாராம். அவர் மனம் இளகினால் கோப்பு பிள்ளையிடம் திரும்பும். ஆகவே கையில் எதுவும் கொடுப்பதில்லை என்று தர்மராசாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மெற்றோ வாசலிலிருந்து கடைவரை நாதஸ்வரமும் தவிலும் மட்டும்தான்.