மூதூர் லோஞ்சில் ஒரு பால்பேணி

திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சு என்ற மோட்டார்ப் படகில் போனவர்களில் பேணியாருக்குப் பேட்டி கொடுக்காமல் கரையேறியவர் ஒருவரும் கிடையாது. ஆடு, கோழி நீங்கலாக என்று எழுத நினைத்தேன். ஆட்டு விடயத்தில் அது சரிவராது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பேணியார் லோஞ்சில் காசு வாங்கி ரிக்கற் கொடுப்பவர். அவருடைய சொந்தப் பெயர் லோஞ்சுச் சொந்தக்காரருக்காவது தெரியுமோ என்னவோ. ஞாயிறு மாலைகளில் வானொலியில் எழுத்தாளர், கலைஞர், நிபுணர் என்று யாரையாவது இருத்திவைத்து உரையாடுவார்கள் அல்லவா? அதைக் கேட்டுக் கேட்டு மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ரின்பால் தீர்ந்த வெறும் தகரப் பால்பேணி ஒன்றை, வீடு கூட்டி உடைந்த தும்புத்தடியின் நுனியில் ஆணியடித்து இறுக்கி, அதிலிருந்து ஒரு சணல் கயிற்றை இழுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். அதுதான் மைக். ரிக்கற் கொடுத்து முடிந்ததும் பேணியை இரண்டு தட்டுத் தட்டி, "ஹலோ, ஹலோ" என்று சோதித்துவிட்டு, யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து குந்துவார். சுற்றிவரக் கடல். எங்கே ஓடுவது?

அவரிடம் கேள்விகள் மூன்றே மூன்று. மூன்றும் வானொலியில் பிடித்தவை. எதிரே இருப்பவர் என்ன தொழில் செய்தாலும் கேள்வி மாறாது. சாம்பல்தீவு மருத்துவிச்சி அம்மாவிடம் ஒருநாள் பேணியை நீட்டினார்.

"உங்கட முதல் படைப்பு எப்ப வெளிவந்தது?"

"விடியப்புறம். கால்தான் முதல்ல வந்தது. அது இப்ப பொலிசில வேலை."

"உங்களைப் பாதித்தவர் ஆர்?"

"அதின்ர தேப்பன். மயங்கி என்ர மேலதான் விழுந்தவர்."

"இளைய தலைமுறைக்கு என்ன சொல்ல விரும்புறியள்?"

"தலையை முதல்ல நீட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லு தம்பி."

பேட்டி முடியுமுன் மூதூர் இறங்குதுறை வந்துவிட்டால் பேணியார் பின்பக்கம் திரும்பிக் கத்துவார். "காக்கா, ஒரு சுத்து!" சுக்கான் பிடிக்கும் கனீபா காக்காவும் மறுபேச்சில்லாமல் லோஞ்சைத் திருப்பி, கொட்டியாரக்குடாவில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வருவார். மூதூரில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த எனக்குக் கவலை இரண்டு. பள்ளிக்கூட மணி அடித்துவிடும் என்பது ஒரு கவலை. லோஞ்சு கவிழ்ந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய கவலை. ஏறியதும் ஆட்களை எண்ணுவேன். பிறகு மிதவை வளையங்களை எண்ணுவேன். இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து பேணியார் என்னை "எண்ணல் நிபுணர்" என்று அறிமுகப்படுத்தத் தொடங்கிவிட்டார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "உனக்கேன் ஐசே இந்த விசர் வேலை?"

பேணியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாஸ்டர், வீட்டில நான் வாயைத் திறந்தா என்ர மனிசி ரேடியோச் சத்தத்தைக் கூட்டுறா. ரேடியோவில ஆர் கதைச்சாலும் கேக்கிறா. உரம் போடுறதைப் பற்றிக் கதைச்சாலும் கேக்கிறா. எங்களுக்கு வயலே இல்லை! நான் ஒருக்காலாவது அதுக்குள்ள இருந்து கதைக்கோணும். அப்ப என்ன செய்யிறா எண்டு பாக்கோணும்."

அந்த வாய்ப்பு தானாகவே லோஞ்சில் ஏறியது. கடலைப் பற்றி நாவல் எழுதிய ஒருவரைக் கடலில் வைத்தே பேட்டி காணலாம் என்று வானொலிக்காரர் யாருக்கோ தோன்றியிருக்கிறது. எழுத்தாளர் வந்தார். ஒலிப்பதிவுப் பெட்டியும் அதைச் சுமந்த ஒருவரும் வந்தார்கள். கூடவே பேட்டியாளரும் வந்தார். ஞாயிறுதோறும் நாங்கள் கேட்கும் அதே தேன்குரல். பேணியார் கும்பிட்டபடியே நின்றார். தேன்குரல் பேணியைப் பார்த்தது, கயிற்றைப் பார்த்தது.

"பயணம் முடியும்வரை நீங்கள் தயவுசெய்து வாய் திறக்க வேண்டாம்."

பேணியார் பேணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "என்ன, இண்டைக்குச் சுத்து இருக்கா?" என்று காக்கா கேட்டதற்கும் தலையைத்தான் ஆட்டினார். எனக்கு அன்றைக்கு எண்ணுகிற மனமே வரவில்லை.

துறைமுக வாயைத் தாண்டியதும் அலை தூக்கிப்போட்டது. "தங்கள் படைப்புலகின் அடியாழத்தில் உறைந்திருக்கும்..." என்று தொடங்கிய தேன்குரல் அங்கேயே உறைந்தது. முகம் பச்சை நிறமானது. மைக்கை மடியில் போட்டுவிட்டு, கைக்கு எட்டிய பாத்திரத்தைப் பறித்து அதற்குள் தலையைக் கவிழ்த்தது. அந்தப் பாத்திரம் பேணியாரின் பால்பேணி.

"ஐயோ, பதிவு ரேப் ஓடுது!" என்று பெட்டிக்காரர் கத்தினார். எழுத்தாளர் திருதிருவென்று விழித்தார். பேணியார் உண்மையான மைக்கைக் கையில் எடுத்தார். எத்தனையோ பயணம் கேட்டுப் பழகிய மூன்று கேள்விகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"ஐயா... நீங்கள் சொல்லுற கதையை உங்கட மனிசி கேக்கிறவவோ?"

எழுத்தாளர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க! நான் வாயைத் திறந்தா அவ எழும்பிக் குசினிக்குள்ள போயிடுவா" என்று தொடங்கியவர், பேணியார் அடுத்தடுத்துக் கேட்கக் கேட்க, நிறுத்தவே இல்லை. "காக்கா, ஒரு சுத்து!" என்று பேணியார் பின்பக்கம் திரும்பிக் கத்த, மூன்று சுற்றுச் சுற்றினோம். இறங்குதுறையை அணைந்தபோதும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு மனிதர் ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மெல்ல நழுவுவதைப் பேணியார் கண்டுவிட்டார். ஆட்டுக்கு அரை ரிக்கற். அது லோஞ்சுச் சட்டம். கையில் மைக் இருப்பதை மறந்து, எழுத்தாளரின் பேச்சுக்கு மேலால் அலறினார்.

"ஆட்டுக்கு ரிக்கற் எடுத்தாச்சோ?"

பேட்டி ஒலிபரப்பான ஞாயிறு பேணியார் வீட்டில் கூடினோம். இருக்க ஆறு கதிரை, பதினான்கு பேர். ரேடியோ குசினி அலுமாரிக்கு மேல் இருந்தது. அதன் கீழே அவர் மனைவி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. "தானா அறியட்டும்" என்று பேணியார் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார்.

தேன்குரல் ஒலித்தது. "தங்கள் துணைவியார் தங்கள் கதைகளைச் செவிமடுப்பதுண்டா?"

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேட்டியாளர் பேணியாரின் கேள்வியைக் களைந்துவிட்டு, வானொலி நிலையத்தில் இருந்தபடி அதையே தன் குரலில் பதிந்து ஒட்டியிருக்கிறார்! அடுத்த கேள்வியும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. பேணியார் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். குசினியில் திருவுபலகை அதுபாட்டுக்குக் கறக் கறக் என்றது.

"விடு ஐசே" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். எழுத்தாளர் கடைசிப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு நடுவே, அவருடைய சொற்களோடு பின்னிக் கிடந்ததால் வெட்டியெடுக்க முடியாமற் போன ஒரு குரல் குசினியையே அதிரவைத்தது.

"ஆட்டுக்கு ரிக்கற் எடுத்தாச்சோ?"

"மே" என்றது ஆடு.

திருவுபலகை நின்றது. நாங்கள் பதினான்கு பேரும் கைதட்டி ஆரவாரித்தோம். உள்ளேயிருந்து அதட்டல் வந்தது.

"உஸ்! சத்தம் போடாதேங்கோ! இஞ்ச இவர் கதைக்கிறார்!"

ரேடியோச் சத்தம் கூடியது. பிறகு இன்னும் கூடியது. நிகழ்ச்சி முடியும்வரை அந்தக் குரல் மறுபடி வரவில்லை. தேங்காய்ப்பூ ஒட்டிய கையால் குமிழைப் பிடித்தபடி, அது திரும்ப வருமென்று அவர் மனைவி கடைசிவரை நின்றார். பேணியார் குசினி வாசலில் சாய்ந்து, வாயே திறக்காமல், அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எழுத்தாளர் என்ன சொன்னார் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது "ரிக்கற் எடுத்தாச்சோ?" என்று கேட்டால், காசைக் கொடுத்த பிறகும் நான் கொஞ்ச நேரம் நிமிர்ந்தே இருக்கிறேன். அடுத்ததாக ஒரு பால்பேணி நீளும் என்று ஒரு நினைப்பு.