திம்பம் வழியாக ஒரு போர்க்கப்பல்

என் மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு மைசூரிலிருந்து கோயமுத்தூருக்கு ஒரு போர்க்கப்பலைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பஸ்ஸில்.

பயப்படாதீர்கள், மரக்கப்பல்தான். இரண்டு முழ நீளம். பாய்மரக் காலத்து இங்கிலீஷ் போர்க்கப்பல் ஒன்றை அப்படியே சின்னதாக நான் செய்தது. தேவராஜ மொஹல்லா பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு பத்திரிகையில் அதன் படமும் அளவுகளும் இருந்தன. அங்கே ஆரம்பித்தது சனியன்.

மண்டி மொஹல்லா மளிகைக்கடையில் கெஞ்சி வாங்கிய பேக்கிங் பெட்டிப் பலகையில் உடம்பு. குடைக்கம்பியை நறுக்கிப் பீரங்கிகள். என் மல் வேஷ்டியைக் கிழித்துப் பாய்கள். ஆபீசிலிருந்து வந்ததும் உப்புத்தாளோடு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். இப்படியே ஒன்றரை வருஷம்.

"வெள்ளைக்காரனே போயாச்சு, அவன் கப்பல் உனக்கு எதுக்குடா?" என்று ஆபீசில் ஒரு சிநேகிதன் கேட்டான்.

நியாயமான கேள்வி. அன்றைக்கே இங்கிலீஷ் கொடியை எடுத்துவிட்டு நம் மூவர்ணக் கொடியை ஏற்றினேன். நாட்டிலேயே அவ்வளவுதான் நடந்தது, கப்பலுக்கு மட்டும் கூடுதலாக என்ன செய்வது?

இத்தனை பாடும் மாமனாருக்காக. அவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்த எதையும் அவர் "நன்னாயிருக்கு" என்று சொன்னதில்லை. அந்த வார்த்தையை மொத்தமாக என் ஷட்டகருக்கே கொடுத்துவிட்டார். ஷட்டகர் என் மனைவியின் அக்கா புருஷன், பம்பாய்க்காரர். போன தடவை அவர் வாங்கிவந்த பிளாஸ்க்கில் காப்பி எவ்வளவு நேரம் சூடாயிருக்கிறது என்று மாமனார் எனக்குக் கடிதமே எழுதினார். இந்தத் தடவை ஷட்டகர் ரேடியோ கொண்டுவருவதாகச் செய்தி.

கடையில் வாங்கியதற்கும் கையால் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டி, அந்த ஒரு "நன்னாயிருக்கு"வை வாங்கியே தீருவது என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. மூன்று பாய்மரத்தோடு தயாராயிருந்த மேல்தளத்தை, மூடி மாதிரி உடம்பின்மேல் வைத்து வஜ்ரம் தடவி ஒட்ட வேண்டும். வஜ்ரம் என்பது தச்சர்கள் காய்ச்சுகிற பசை. அதை எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று எங்கள் அய்யங்கார் வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. நாற்றமே பாதியைச் சொல்லிவிடும். அது சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்பது என் மனைவி ருக்கு போட்ட சட்டம்.

அப்படிப்பட்ட ருக்கு, "ஏன்னா, நீங்க போய் பஸ் டிக்கெட்டைப் பார்த்துண்டு வாங்கோ. நான் ஒட்டி வெச்சுடறேன்" என்றாள்.

எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது. திரும்பி வந்தபோது அவள் புடவைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு, ஒட்டின தளத்தின்மேல் அம்மிக்குழவியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் இவளுக்கும் கப்பல்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டதே என்று உருகிப்போனேன்.

மறுநாள் பஸ்ஸில் கண்டக்டர், "அதை மேல போடுங்க சார்" என்றார்.

"மேல போட்டா பாய்மரம் போயிடும்பா."

"அப்ப மடியில வெச்சுக்குங்க. மடியில இருந்தா அது கொழந்தை. சீட்டுல இருந்தா ஆளு, டிக்கெட் வாங்கணும்."

மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகவே கனத்தது. வஜ்ரத்தின் கனம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். கப்பலின் மூக்குக்கொம்பு முன்சீட்டுக்காரரின் பிடரியில் குத்திக்கொண்டே வந்தது. அவர் நஞ்சன்கூடு வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து நின்றுகொண்டே வந்தார்.

எனக்கு இந்தப் பக்கம் சத்தியமங்கலத்துக் கவுண்டர் ஒருவர். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது எந்தூருத் தேருங்க?" என்றார்.

"தேர் இல்லை. போர்க்கப்பல்."

"அப்படீங்களா. உள்ள என்ன வெச்சிருக்கறீங்க?"

இந்த மாதிரி ஒரு கேள்விக்குத்தான் நான் ஒன்றரை வருஷமாகக் காத்திருந்தேன். "உள்ள ஒண்ணுமே கிடையாது. சுத்தக் காலி. அதுலதான் வித்தையே இருக்கு" என்று ஆரம்பித்து, காலியாக இருப்பதால்தான் கப்பல் மிதக்கிறது என்பதைப் பஸ் முழுவதற்கும் கேட்கும்படி விளக்கினேன். ருக்கு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் படிப்பைப் பார்த்துக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

சாமராஜநகர் தாண்டி, மைசூர் எல்லை முடிகிற இடத்தில் காட்டிலாகா சோதனைச் சாவடி. யாராவது சந்தனமரம் கடத்துகிறார்களா என்று பார்ப்பார்கள். கார்டு ஒருவர் ஏறினார். மூட்டைகளைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார், என்னிடம் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார்.

"ஏனு ஸ்வாமி இது? கந்தத வாசனெ பர்த்தா இதெ."

சந்தன வாசனை வருகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. "பேக்கிங் பெட்டிப் பலகைப்பா இது. வாசனை வந்தா வஜ்ர வாசனைதான் வரணும்."

அவர் கப்பலை வாங்கி லேசாக ஆட்டினார். உள்ளே கடகடவென்றது.

"ஒள்ள ஏனு?"

"காலி."

இன்னொரு தடவை ஆட்டினார். கடகட.

"காலி ஹேகெ ஸ்வாமி சத்தம் போடும்?" என்றார் பாதிக் கன்னடத்தில்.

பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. கவுண்டர் நைசாக ஓரம் நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் பண்ணின கப்பல். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா? சத்தியமா காலி. மூடினது இவதான், இவளே சாட்சி. சொல்லு ருக்கு."

ருக்கு என் காலை ஒரு மிதி மிதித்தாள். தைரியம் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, "வேணும்னா உங்க ரேஞ்சரைக் கூப்பிடு" என்றேன்.

கூப்பிட்டுவிட்டார்.

ரேஞ்சர் கொள்ளேகாலத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். அதனால் எனக்குப் புரியாத மாதிரி நடிக்கவும் வழியில்லை.

"தொறங்க சார்."

"திறக்க முடியாது. ஒட்டியாச்சு."

"காலியா இருக்கறத எதுக்கு ஒட்டுனீங்க?"



நேரமாகிறதே என்ற கவலையில் டிரைவர், டயர் கழற்றுகிற இரும்புப் பட்டையைத் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார். கப்பலை மரத்தடியில் வைத்து ரேஞ்சர் நெம்பினார். அசையவில்லை. ருக்கு எதைச் செய்தாலும் கெட்டியாகச் செய்வாள். கார்டும் ஒரு கை கொடுக்க, மேல்தளம் மூன்று பாய்மரத்தோடும் கொடியோடும் பெயர்ந்து வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருபது பேர் பார்க்கிறார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தோம். பச்சரிசி பரப்பியிருந்தது. அதன்மேல் மஞ்சள் கொம்பு, கொட்டைப்பாக்கு, வெல்லம், குங்குமப் பொட்டலம். நடுவில் ஒரு சாண் நீளத்துக்குச் சந்தனக்கட்டை.

கார்டு என்னைப் பார்த்தார். ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நான் ருக்குவைப் பார்த்தேன்.

"பின்னே?" என்றாள் ருக்கு. "பொறந்தாத்துக்கு யாராவது வெறும் ஏனத்தை எடுத்துண்டு போவாளா?"

"இது ஏனமாடி?"

"உள்ள பள்ளமா இருக்கு. மேல மூடி இருக்கு. ஏனம் இல்லாம என்னவாம்? அறுபதாம் கல்யாணத்துக்கு வெறுமையா ஒண்ணைக் கொண்டுபோய் நீட்டினா அபசகுனம். சொன்னா நீங்க கேக்கமாட்டேள், அதான் சொல்லலை. சந்தனம் அப்பாவுக்கு அரைச்சுப் பூசறதுக்கு."

வேடிக்கை பார்க்க இறங்கியிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் "அதானே" என்றார்கள். கவுண்டரும் கட்சி மாறினார்.

"அம்மிணி சொல்றது நாயந்தானுங்க. வெறும் பாத்திரத்தை எப்படீங்க குடுக்கறது?"

சற்றுமுன் காலிக் கப்பலின் பெருமையைக் கண் கொட்டாமல் கேட்டவர் இவர்தான்.

ரேஞ்சர்கூடத் தலையாட்டினார். "எங்க வீட்டுலயும் இப்படித்தாம்மா, வெறும் டப்பா வெளிய போகாது." பிறகு என் பக்கம் திரும்பியதும் குரல் மாறியது. "ஏன் சார், பூஜைக்கு ஒரு கட்டையைக் கையில கொண்டுபோனா யாரு கேக்கப் போறா? அதுக்குன்னே கப்பல் செஞ்சு உள்ள ஒளிச்சு வெப்பாங்களா? படிச்சவங்க மாதிரி இருக்கறீங்க."

ஒரு சாண் சந்தனக்கட்டைக்காக நான் ஒன்றரை வருஷம் கப்பல் கட்டினேன் என்று அந்த மனிதர் மனப்பூர்வமாக நம்பினார். ருக்குவின் முகத்துக்காகத்தான் எங்களை விட்டார். அதற்கும் ஒரு நிபந்தனை: கட்டையை எல்லாருக்கும் தெரியும்படி கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

ஆகவே நான் சந்தனக்கட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ருக்குவின் மடியில் கப்பலின் உடம்பு. கவுண்டர் மடியில் பாய்மரங்கள். அதற்கப்புறம் திம்பம் மலைப்பாதை. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பீரங்கி கழன்று சீட்டுக்கடியில் உருண்டது. ஜனங்கள் நல்லவர்கள். "சார், உங்க குடைக்கம்பி" என்று பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தார்கள்.

கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தபோது திரும்ப ஒட்ட வஜ்ரமும் இல்லை, நேரமும் இல்லை. கழன்ற பீரங்கிகளை அதனதன் ஓட்டையில் சொருகி வைத்துவிட்டு, கப்பலை உக்கிராண அறையில் ஒளித்தேன். பாய்மரங்களையும் கொடியையும் அரிசி மூட்டைக்குப் பின்னால் சாய்த்தேன். மாமனார் கண்ணில் இது படாமல் ஊர் திரும்பினால் போதும் என்று இருந்தது.

காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கூடத்து வாசலில், வருகிறவர்களுக்கு நேர் எதிரே, கப்பல் நிற்கிறது. தளம் இல்லை, பாய் இல்லை. திறந்த வயிற்றில் வெற்றிலை அடுக்கி, பாக்கு, மஞ்சள், கல்கண்டு, அரைத்த சந்தனக் கிண்ணம் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தாள் ருக்கு. இரண்டு பக்கமும் பீரங்கிகள் நீட்டிக்கொண்டிருந்தன. மூலையில் ஷட்டகர் தம் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து, பம்பாயில் பேசியது இங்கே ஏன் கொர்ரென்கிறது என்று அதைத் திருகிக்கொண்டிருந்தார்.

மாமனார் மாலையோடு வந்தார். ரேடியோவைத் தாண்டினார். கப்பலுக்கு முன்னால் நின்றார். குனிந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு, பலகைகளின்மேல் மெதுவாக விரலை ஓட்டினார்.

"பலகையும் பலகையும் சேர்ந்த இடமே தெரியலையே. யார் பண்ணினது?"

"நான்தான் மாமா."

"நன்னாயிருக்கு மாப்பிள்ளை."

ஷட்டகர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்ததை நான் கவனிக்கத் தவறவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

"ரொம்ப நன்னாயிருக்கு" என்றார் மாமனார். "இத்தனை வேலைப்பாடா ஒரு வெத்திலைத் தட்டை நான் பார்த்ததே இல்லை. ஓரத்துல நீட்டிண்டிருக்கே கம்பி, அதை மட்டும் எடுத்துடுங்கோ. வரவா வேஷ்டியில மாட்டறது."

நான் உடனே குனிந்து பீரங்கிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன்.

பாராட்டு வருகிறபோது எதற்கு என்று விசாரிக்கக் கூடாது.