மகளின் ப்ராஜெக்டுக்கு நான் பெயர் சூட்டிய காலை

தானாக முன்னுக்கு வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. தன் கை படாமல் உலகத்தில் எதுவும் ஓடாது என்று நினைப்பான். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. (இப்போது குறைந்திருக்கிறதா என்று என் மனைவியிடம் கேட்காதீர்கள்.)

செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான்தான் அதைக் கைவிட்டேன் என்று வெளியில் சொல்வேன். பஸ் கழுவினேன், டிக்கெட் கிழித்தேன், ஓட்டினேன், கடைசியில் வாங்கினேன். சுங்கை பட்டாணியிலிருந்து கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸின் நெற்றியில் 'வீரையா' என்று என் அப்பா பெயர் இருந்தால், அது என்னுடையது. பின்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமி பெயர்: முனியாண்டி, மாரியம்மன், மதுரை வீரன். முனியாண்டி ஒரு நாள்கூட ரோட்டில் நின்றதில்லை. (மதுரை வீரன் நின்றிருக்கிறது. அது என்ஜின் கோளாறு, சாமி குற்றமில்லை.)

ஒரு வருஷம் நாங்கள் ஆள் ஏற்றும் தொழிற்சாலையில் புதுச் சட்டம் போட்டார்கள். எந்த பஸ் எங்கே வருகிறது என்று கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும். காட்ட முடியாதவருக்கு அடுத்த கான்ட்ராக்ட் கிடையாது. அது போனால் என் பாதி பஸ்கள் ஷெட்டில் நின்று துருப்பிடிக்க வேண்டியதுதான்.

என் மகள் கோமதி அப்போதுதான் கம்ப்யூட்டர் படிப்பை முடித்திருந்தாள். "நானே செஞ்சி தர்றேன்ப்பா" என்று ஷெட் ஆபீஸில் என் எதிரே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் இனிக்கிறது. வெளியே டீசல் வாசம், உள்ளே அவள் தட்டும் சத்தம். நடுநடுவே என்னிடம் சந்தேகம் கேட்பாள்.

"அப்பா, டிரைவர் லீவு கேட்டா என்னா சொல்வீங்க?"

"முடியாதும்பேன்."

"அப்ப அதுக்கு பட்டன் வேணாம்."

தொழிற்சாலையில் போய்க் காட்ட வேண்டிய நாளும் வந்தது. வெள்ளிக்கிழமை காலை. லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டு கோமதி எதிர்க்கடைக்குப் பசியாறப் போனாள். நான் சும்மா எட்டிப் பார்த்தேன். ப்ராஜெக்டுக்கு என்ன பெயர் வைத்திருந்தாள் தெரியுமா? எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'டெஸ்ட்'! கீழே அதன் பிள்ளைகள்: 'பேஜ் ஒன்று', 'பேஜ் இரண்டு' என்று வரிசையாக. வீரையா குடும்பத்து வண்டி, பெயரில்லாத அனாதையாகவா கூலிமுக்குப் போவது?

பெயரை மாற்றும் வித்தையை அவள் செய்யும்போது பார்த்து வைத்திருந்தேன். (பஸ் ஓட்டியதே பார்த்துக் கற்றதுதான்.) ப்ராஜெக்டுக்கு வீரையா என்று அப்பா பெயரை வைத்தேன். பைல்களுக்கு என் பஸ்களின் பெயர். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பெட்டி எழும்பி இங்கிலீஷில் ஏதோ கேட்டது. என் அனுபவத்தில், இங்கிலீஷில் கேட்கிறவன் எதையோ விற்க வந்தவன். 'நோ' அழுத்தினேன். முடிந்ததும், திரையில் படாமல் ஒரு சூடமும் காட்டினேன்.

கோமதி ரொட்டி சானாய் வாசத்தோடு திரும்பி வந்தாள். திரை முழுக்கச் சிவப்புக் கோடு.

"யாருப்பா இதத் தொட்டா?"

"நல்ல பேரா வச்சேன்மா."

"அது கேட்டிருக்குமே, மத்த பைல் உள்ளாரயும் இந்தப் பேர மாத்தவான்னு! என்னா சொன்னீங்க?"

"நோ."

"எல்லாத்துக்குமா?"

"நமக்கு எப்பவும் ஒரே பேச்சுதான்."

அவள் தலையில் கை வைத்தபோதுதான் எனக்குத் தோட்டத்துப் பெரட்டு ஞாபகம் வந்தது. விடியுமுன் எல்லாரும் வரிசையில் நிற்க, தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பெயர் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளும் அதே கதைதான். ஒரு பைல் 'பேஜ் மூன்று' என்று கூப்பிடுகிறது. பேஜ் மூன்றோ மதுரை வீரனாகி மீசை முறுக்கி நிற்கிறது.

"பழைய காப்பி இருக்குமே?"

"போன வாரத்துதுப்பா. அதுல மேப்பே இல்ல. காடிய எடுங்க, போற வழியில மாத்துறேன்."

நான் காரை ஓட்ட, அவள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பழைய பெயருக்குத் திருப்பினாள்.

"மாரியம்மன் எதுப்பா?"

"பேஜ் ரெண்டு."

"தொறந்து பாத்துறவா?"

"நேரமில்ல லா, சுருக்கா போடு. என் டிரைவருங்க ஐசி கார்டு நம்பரே எனக்கு மனப்பாடம். என்கிட்டயா கேக்குற?"

தொழிற்சாலையில் புவான் அஸ்னி என்ற பெண் அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 'பஸ் எங்கே' என்ற பட்டனை அவரே அழுத்தினார். பஸ் வரவில்லை. டிரைவர்களின் புகார்ப் பக்கம் வந்தது. பழகிப் பாருங்கள் என்று கோமதி அவர்களிடம் கொடுத்திருந்தாளாம். பாவிகள் உண்மையாகவே பழகியிருந்தார்கள்.

"போஸ் சுக்கா ஜெரிட்" என்று அவர் மலாயில் உரக்கப் படித்தார். முதலாளிக்குக் கத்தப் பிடிக்கும். அடுத்தது: ஏர்கோன் கெட்டுப்போனால் ஜன்னலைத் திற என்கிறார். மூன்றாவது தமிழில் இருந்தது. அதற்கு அர்த்தம் சொல்லக் கோமதி மறுத்துவிட்டாள். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

புவான் அஸ்னி புகார்ப் பட்டனையும் அழுத்திப் பார்த்தார். மேப்பில் என் பஸ்கள் அழகாக ஊர்ந்து வந்தன!

மாரியம்மன் பேஜ் ரெண்டு இல்லை.

கோமதி ஒளிக்காமல் சொல்லிவிட்டாள், நான் பெயர் வைத்த கதையை, சூடம் உட்பட. புவான் அஸ்னி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, திங்கட்கிழமை மறுபடி வரச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: "பக்சிக் ஜாங்ஙான் இக்குட்." பெரியவர் கூட வரக்கூடாது.

திங்கட்கிழமை கோமதி தனியாகத்தான் போனாள். கான்ட்ராக்டோடு வந்தாள். என் வாழ்க்கையில் நான் போகாததால் கிடைத்த கான்ட்ராக்ட் அது ஒன்றுதான்.

பிறகு அவள் கல்யாணமாகி பாலிங்குக்குப் போனாள். எதிர் மேசையில் இப்போது டயர் பில்களை அடுக்குகிறோம்; தட்டும் சத்தம் இல்லாத ஆபீஸ் எனக்கு இன்னும் பழகவில்லை.

பேரன் பிறந்து கோயிலில் பெயர் வைக்கும் நாளில், காதில் சொல்ல ஐயர் என்னைத்தான் கூப்பிட்டார். நான் குனிவதற்குள் கோமதி பிறப்புப் பத்திரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"பேர எல்லா எடத்துலயும் ஏத்தியாச்சுப்பா. நீங்க சொன்னா மட்டும் போதும்."

கோயிலே சிரித்தது. மருமகன் தன் பங்குக்கு, "மாமா, ஏதாச்சும் கேட்டா 'நோ' சொல்லிறாதீங்க" என்றார். இரண்டாவது பேரனுக்கும் அதையே சொன்னார்கள். மூன்றாவதுக்கு நான் கோயிலுக்குக் கிளம்பும் முன்பே பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைச் சொல்லிவிட்டார்கள்.

முதல் பேரனின் காதில் அன்றைக்கு நான் குனிந்து சொன்னேன், பத்திரத்தில் இருந்தபடியே. (வீரையா என்று ஒரே ஒரு தடவை, மனசுக்குள் மட்டும்.)