கேடயத்தைக் காக்கப் போன மரியஜோசப்

இரண்டாவது ஆட்டத்தின் இடைவேளை விசில் ஊதியபோது கால்பந்து கோச் மரியஜோசப் கல்லூரிக் கேன்டீனின் பின்சுவருக்கு மறைவில் நின்றிருந்தார். நான்கு கோல் வாங்கிவிட்ட பையன்களிடம் போய் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"சயா, பையன்க உங்களைத் தேடுறாங்க" என்று வந்து நின்றான் அணித்தலைவன் சுரேந்திரன். வாத்தியாருக்குப் பர்மியில் சயா.

"திட்டம் போட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்லு."

"ஓட முடியலையாம் சயா. ரெண்டு தட்டு டான்பவுக் பிரியாணி தொண்டையில நிக்குதாம். குனிஞ்சா வெளியே வந்துடும்ங்கிறாங்க."

பிரியாணியும் அவருடைய திட்டம்தான். முதல் ஆட்டத்தில் தோற்றதும் பையன்களுக்குத் தெம்பில்லை என்று அவரே முடிவு கட்டினார். கேன்டீன் தைலம்மாளிடம் கெஞ்சி, ஆட்டத்துக்குச் சற்று முன்னால் இரட்டைத் தட்டு போட வைத்தார்.

மரியஜோசப் நூலகத்தில் குமாஸ்தா. பந்தை அவர் உதைத்ததில்லை. பந்துதான் ஒருமுறை அவரை உதைத்திருக்கிறது. 2003 மழைக்காலத்துக்கு முன்னால் கல்லூரியின் பர்மியத் தலைவர், ரெக்டர் ஊ தான் மவுங் அவரைக் கூப்பிட்டு, பழைய கோச்சை மாற்றிவிட்டதாகவும் இனி அவர்தான் கோச் என்றும் சொன்னார். என்னை ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. திறமை எங்கிருந்தாலும் பெரியவர்கள் கண்ணில் பட்டுவிடும் என்று மனசுக்குள் மார்தட்டிக்கொண்டார்.

"போன வருசம் ஜெயிச்ச கேடயத்தை இந்த வருசமும் நம்ம அலமாரியிலேயே வைக்கிறேன், சயாஜீ!" என்று வாக்கும் கொடுத்தார். ரெக்டர் ஏனோ இருமினார்.

இப்போது அந்த வாக்குதான் அவரைத் தின்றது. சாயங்காலம் பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னாடியே இறங்கி, லான்மடாவ் பக்கமாகச் சுற்றிக்கொண்டு பபேடானில் இருந்த வீட்டுக்கு நடந்தார். நேர்வழியில் போனால் வெற்றிலைக் கடை ஷம்சுதீன் "இன்னிக்கு எத்தனை, சயா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பான். மானம் போவதை விடக் கால் வலிப்பது மேல்.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் ரகசியமாக லத்தா பேட்டைக்குப் போய் ஒரு சோசியரைப் பார்த்தார். பர்மிய வழக்கத்தில் பிறந்த கிழமை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு உண்டு, அதன்படி ஆளை நிறுத்தச் சொன்னார் சோசியர். சனிக்கிழமைக்காரன் நாகம், புதையலைக் காப்பான், கோலில் நிறுத்து. செவ்வாய்க்கிழமைக்காரன் சிங்கம், முன்னால் விடு. வியாழக்கிழமைக்காரன் எலி, உட்கார வை.

சனிக்கிழமை பிறந்தவன் ஒரே ஒருவன்தான். கண்ணாடி போட்ட குள்ளப் பையன், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். செவ்வாய்க்கிழமை பிறந்தவன் வழக்கமான கோல்கீப்பர். முன்னால் போயும் பழக்க தோஷத்தில் பந்தைக் கையால் பிடித்தான். கோல் அடிக்கத் தெரிந்த ஒரே பையன் வியாழக்கிழமைக்காரன், அணித்தலைவன் சுரேந்திரன். அவன் ஓரமாக உட்கார்ந்து வேர்க்கடலை தின்றான்.

ஏழு கோல்.

வீட்டுக்குப் போவதற்குள் மனைவி செசிலியாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"நான் செவ்வாய் தவறாம அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏத்துறேன். நீங்க சோசியம் கேக்கப் போனீங்களா? பாதர் முகத்துல எப்படிங்க முழிக்கிறது?"

"மெழுகுவர்த்தி ஏத்தினப்பவுந்தானே நாலு வாங்கினோம்?"

"ஏழுக்கு நாலு தேவலைங்க!"

வெட்கத்தில் அன்று சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டார்.

கடைசி ஆட்டத்தில் சோசியமும் வேண்டாம், சோறும் வேண்டாம் என்று எல்லோரையும் அவரவர் இடத்திலேயே விட்டார். அதிசயமாக நம் பையன்கள் ஒரு கோல் அடித்தார்கள். மரியஜோசப்புக்குத் தலைகால் புரியவில்லை. உற்சாகப்படுத்துவதற்காகக் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்துப் பலமாக ஊதினார். நடுவர்தான் ஊதினார் என்று நம் பையன்கள் நின்றுவிட்டார்கள். எதிரணி நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் அடிக்க அடிக்க, நம் பையன்கள் எந்த விசிலை நம்புவதென்று தெரியாமல் திகைத்தார்கள். கல்லூரி கடைசி இடத்துக்குப் போனது.

மறுநாள் தலை குனிந்தபடி ரெக்டர் அறைக்குள் போனார்.

"சயாஜீ, நான் விலகிக்கிறேன். உங்க முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமா இருக்கு."

ரெக்டர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "விலகுவதா? அடுத்த வருடமும் நீங்கள்தான்" என்று பர்மியில் சொல்லி, ஒரு பட்டுக் கைலியையும் பரிசாகக் கொடுத்தார்.

மரியஜோசப்புக்குக் கண் கலங்கிவிட்டது. கைலியை மார்போடு அணைத்துக்கொண்டு நேராகக் கேன்டீனுக்குப் போனார். போட்டிக்கு வந்த அணிகளுக்கெல்லாம் சமைத்த அண்டாக்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் தைலம்மாள்.

"பாருங்கக்கா, தோத்தவனுக்கும் மரியாதை பண்ற மனுசன்! என்கிட்ட என்னத்தைக் கண்டாரோ!"

தைலம்மாள் நிமிர்ந்து பார்த்து, வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"கேடயம் ஜெயிக்கிற காலேஜுதானே தம்பி, மறுவருசம் அத்தனை காலேஜுக்கும் சோறு போட்டுப் போட்டி நடத்தணும்? இந்த வருசச் செலவே போதும், பந்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாத ஆளா ஒருத்தரைச் சொல்லுன்னு ரெக்டர் என்கிட்டதான் கேட்டாரு. நம்ம பக்கத்து ஆளாச்சேன்னு நான்தான் உங்க பேரைச் சொன்னேன்!"