வாய் திறந்த வகுப்பு

மாடிப்படி ஏறும்போதே தொப்பைக்கு நேராக இருந்த பட்டன் தெறித்து, உருண்டு, எங்கோ போய்விட்டது. பேச்சுப் பயிற்சி வாத்தியார் நின்ற இடத்திலிருந்தே மனைவிக்குப் போன் போட்டார்.

"அந்தச் சட்டை வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?"

"திட்டறதை சாயந்திரம் வெச்சுக்கலாம். இப்ப என்ன பண்ண?"

"வயித்தை உள்ள இழுத்துப் பிடிச்சுக்கோங்க."

"பிடிச்சா பேச்சு வராதும்மா! நான் பேசவே சொல்லித் தர்றவன்!"

போன வருட மாணவர்கள் கடைசி நாள்வரை வாய் திறக்கவில்லை. "இந்த வருஷமும் இப்படின்னா வகுப்பையே மூடிடலாம் சார்" என்று முதல்வரம்மா நேற்றுதான் சொல்லியிருந்தார். இன்று புது மாணவர்களுக்கு முதல் வகுப்பு. வந்து உட்கார்ந்து கேட்கப்போவதாக மிரட்டல் வேறு.

"உங்க பையில என் துப்பட்டா இருக்கு, இஸ்திரிக்குக் குடுக்க வெச்சது. கழுத்துல போட்டுக்கோங்க."

மஞ்சளில் பெரிய பெரிய பூ. போட்டுப் பார்த்தார். பூக்களுக்கு நடுவே பனியன் எட்டிப் பார்த்தது. அலுவலக அறைக்கு ஓடி, சட்டையை ஸ்டேப்ளரால் இரண்டு அடி அடித்தார். துப்பட்டாவும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. வெளியே வரும்போது அதன் நுனியைக் கதவு கவ்வியது. இவர் ஒரு பக்கம் இழுக்க, அது ஒரு பக்கம் இழுக்க, சட்டை 'டர்ர்' என்று இடுப்புவரை கிழிந்தது.

வராந்தாக் கோடியில் முதல்வரம்மாவின் செருப்புச் சத்தம்! ஒரே பாய்ச்சலில் வகுப்புக்குள் புகுந்தார்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"சார், அது துப்பட்டாவா, ஜன்னல் திரையா?"

"சும்மா இருடி. மஞ்சள் சாருக்கு எடுப்பாத்தான் இருக்கு."

"கிழிசலை மறைக்காதீங்க சார். அந்தப் பூத்துணியையே வெச்சு ஒட்டுப் போட்டா புது மாடல் சட்டை!"

"ஒட்டு எதுக்கு? குறுக்கே கட்டினா போதும்."

"கட்டினா பரிசுப் பொட்டலம் மாதிரி இருப்பார்டா!"

வாத்தியார் சொக்கிப்போனார். என்ன பேச்சு! காரணம் சொல்கிறார்கள், மறுக்கிறார்கள், கிண்டல் வேறு! ஒருவன் பையிலிருந்து ஊசி நூலை எடுத்தான். ஒருத்தி ஊக்குகளை நீட்டினாள். எவ்வளவு முன்யோசனை இந்தப் பிள்ளைகளுக்கு! கொஞ்ச நேரத்தில் துப்பட்டா அவர் தோளில் தொடங்கி இடுப்பில் மடிப்பாக இறங்கியிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் பார்த்தார். அவருக்கே தன்னைப் பிடித்துவிட்டது.

வாசலில் மட்டும் ஒரு பெண் வெகுநேரமாக நின்றிருந்தாள். வாயைத் திறப்பாள், மூடுவாள்.

"கூச்சப்படாம உள்ள வந்து உக்காரும்மா" என்றார். உட்கார்ந்தாள்.

"இல்ல இல்ல, நீ ஓடிப்போய் முதல்வரம்மாவைக் கூட்டிட்டு வா! இந்தப் பேச்சை அவங்க காதால கேக்கணும்!"

அவள் அசையவில்லை.

"இத்தனை பேர் பேசறாங்க, உனக்கு மட்டும் என்ன பயம்? மனசுல இருக்கறதை அப்படியே சொல்லு!"

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"சார், இது தையல் வகுப்பு. அவங்க டீச்சர் இன்னிக்கு லீவு. நம்ம வகுப்பு அடுத்த ரூம்... முதல்வரம்மா அங்கதான் உக்காந்திருக்காங்க, உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க!"