மூல நிரலை முழுதும் படித்தவன்

திறந்தவெளிக் கிணறுகள் நல வாரியம் என்று ஒன்று இருப்பது பொதுமக்களுக்குத் தெரியாது. கிணறுகளுக்கும் தெரியாது. ஆயினும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அதற்கு ஒரு தலைமை அலுவலகமும் சிதம்பரத்திலும் பெண்ணாடத்திலும் கிளைகளும் உண்டு. தலைமை அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள, ஓராண்டு ஒப்பந்தத்தில், சிலம்பரசன் ஆகிய நான் அமர்த்தப்பட்டிருந்தேன்.

என் மனைவி அனுப்பிரியா சிதம்பரத்தில் கல்லூரி ஆசிரியை. கல்யாணமானதிலிருந்து அவள் அங்கேயும் நான் சென்னை மேன்ஷன் அறையிலுமாகக் குடும்பம் நடத்தினோம். இந்த வேலை வந்த பிறகுதான் இருவரும் சிதம்பரத்தில் ஒரே வீட்டில் சாப்பிட ஆரம்பித்தோம். ஒப்பந்தத்தை நீட்டிக்காவிட்டால் மறுபடியும் மேன்ஷன்தான்.

இந்நிலையில் எங்கள் இயக்குநர் ராமாமிர்தம், சிதம்பரத்தில் ஒரு ஓட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போய், ஒரு தோள்பையும் ஒரு புதுச் சொல்லும் வாங்கிவந்தார். பரவல் கோப்பு முறைமை என்பது அந்தச் சொல். ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நகல் எடுத்து, மூன்று ஊர்க் கம்ப்யூட்டர்களில் வைக்கும் மென்பொருள் அது. ஓர் ஊரில் வெள்ளம் புகுந்தாலும் மற்ற ஊர்களில் கோப்பு பத்திரமாக இருக்கும். கடலூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

“இலவசமாவே தர்றாங்க. சோர்ஸ் கோடையும் சேத்துத் தர்றாங்களாம், யாரு வேணா படிச்சுப் பாக்கலாம்னு” என்றார்.

“ஆமாங்க சார்.”

“அப்ப யாராச்சும் படிச்சுப் பாக்கணும் இல்ல? படிக்காத எதுலயும் நான் கையெழுத்துப் போடறதில்ல.”

சொல்லிக்கொண்டே நான் நீட்டிய காகிதங்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். அவர் கண் செல்போனில் ஓடிய கிரிக்கெட்டில் இருந்தது. அக்காகிதங்களில் ஒன்று எனக்கான ஆணை. மேற்படி மூல நிரலை முதல் வரி முதல் இறுதி வரி வரை ஐயந்திரிபறக் கற்றுத் தேர்ந்து சான்றளிக்க வேண்டியது. சான்றளித்த பின்னரே ஒப்பந்த நீட்டிப்பு பரிசீலிக்கப்படும்.

மூல நிரல் என்று ஆணை சொன்ன அந்தச் சோர்ஸ் கோடு பல லட்சம் வரி. தினமும் சிதம்பரம் பாசஞ்சர் ரயிலில் மடிக்கணினியைத் திறந்தேன். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் ஒரே உரிம அறிவிப்பு இருந்தது. அதை முழுக்கப் படித்தேன். அடுத்த கோப்பிலும் அதுவே இருந்தது, அதையும் விடாமல் படித்தேன். படித்த வரிகளின் கணக்கு மளமளவென்று ஏறியது. அறிவிப்பு முடிந்து நிரல் தொடங்கினால், ஆலப்பாக்கம் ஸ்டேஷன் வருவதற்குள் தூக்கம் வந்துவிடும். ஆகவே, நிரலை எழுதியவர்கள் இடையிடையே மனிதர் மொழியில் எழுதிவைத்த குறிப்புகளை மட்டும் படிப்பதென்று தீர்மானித்தேன். கறுப்புத் திரையில் வண்ண எழுத்து ஓடுவதைப் பக்கத்து இருக்கைக்காரர்கள் மரியாதையோடு பார்த்தார்கள். அவர்கள் வசதிக்காகத் திரையைக் கொஞ்சம் திருப்பியும் வைத்தேன்.

வாரம் ஒருமுறை இயக்குநருக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

“சார், ஒவ்வொரு மிஷினும் தலைமை மிஷினுக்கு ‘நான் இருக்கேன், நான் இருக்கேன்’னு சொல்லிக்கிட்டே இருக்கும்.”

“சொல்லலைன்னா?”

“செத்துப்போச்சுன்னு முடிவு பண்ணி, அதுல இருந்த கோப்புக்கெல்லாம் வேற நகல் எடுத்துடும்.”

“லீவு லெட்டர் குடுத்திருந்தா?”

நிரலில் அதற்கு வழியில்லை என்றேன். பெரும் குறை என்று எழுதிக்கொண்டார்.

ஒருவழியாகச் சான்றளித்தேன். என் சான்றோடு எல்லாக் கோப்புகளும் ஏறின. காகிதமில்லா அலுவலகத்தின் முதல் ஆணையாக, ஜனவரி முதல் என் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுவதாக இயக்குநர் திரையிலேயே கையெழுத்திட்டார். அச்சுப்படி எடுப்பது கொள்கைக்கு விரோதம் என்றார். அனுப்பிரியா அன்று கேசரி கிளறினாள்.

அடுத்து தணிக்கை அதிகாரி ஜான்சி வந்தார்.

“ஒரே கோப்பு ஏன் மூணு எடத்துல இருக்கு?”

“பாதுகாப்புக்கு மேடம்.”

“ஒரு கெணத்துக்கு மூணு கோப்புன்னா, மூணு கெணறு வெட்டுனதா ஆவாதா?”

சிதம்பரம், பெண்ணாடம் நகல்களை அழிக்க உத்தரவாயிற்று. அழித்தார்கள். நகல் குறைந்ததைக் கண்ட முறைமை, தன் கடமைப்படி மறுநாளே புதிதாக எடுத்து வைத்தது. மறுபடி அழித்தார்கள், மறுபடி வைத்தது. மேலிட ஆணையை மீறியதற்கு ஒரு வாரத்தில் விளக்கமளிக்குமாறு மென்பொருளுக்குக் குறிப்பாணை அனுப்பப்பட்டது. பதில் வராததால் குற்றம் உறுதியாயிற்று.

இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். “முழுசாப் படிச்சவரு நீங்கதான? எங்க தட்டுனா அடங்கும்?”

தேடிப் பார்த்ததில் மூன்று என்ற எண் இருக்கும் இடம் அகப்பட்டது. அதற்கு மேலே, இதை ஒன்றாகக் குறைக்காதீர்கள், குறைத்தவர் ஒருநாள் அழுவார் என்று எழுதியவர் குறிப்பு வைத்திருந்தார். நான் படித்ததே குறிப்புகளை மட்டும்தான் என்பதால், இது எனக்கு முன்பே தெரியும்.

“சார், எழுதுனவரே வேணாங்கிறாரு.”

“அவரு நம்ம வாரியமா?”

“இல்லைங்க சார்.”

“தணிக்கையா?”

“இல்லைங்க.”

“அப்புறம் இன்னா?”

எனக்கு மேன்ஷன் அறை ஞாபகம் வந்தது. மூன்றை ஒன்றாக்கினேன். அந்த லட்சக்கணக்கான வரிகளில் நான் உண்மையில் தொட்ட வரி அது ஒன்றுதான். அதற்குப் பாராட்டுக் கடிதமும் கிடைத்தது. எஞ்சிய ஒற்றை நகல், தலைமை அலுவலகம் என்ற கௌரவத்தால், இயக்குநரின் மேசைக்குக் கீழிருந்த கம்ப்யூட்டரில் தங்கியது.

கார்த்திகையில் கடலூரில் பெய்வது பெய்தது. கிணறுகளின் நலனுக்காக நடந்த அலுவலகம் தானே ஒரு கிணறாயிற்று. தண்ணீர் வடிந்து நாங்கள் உள்ளே போனபோது, கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு தவளை வெளியே வந்தது. மாவட்டத்துக் கிணறுகளெல்லாம் போயின. ஓய்வுபெற இருந்த இயக்குநரின் பென்ஷன் கோப்பும் என் நீட்டிப்பு ஆணையும் கூடவே போயின. எனக்கு அங்கேயே அழுகை வந்தது.

ஜான்சி ஆய்வுக்கு வந்தார். “ஒரே ஒரு நகல்தானா? ஏன் மூணு வெக்கல?”

“நீங்கதான் மேடம் வேணான்னீங்க” என்றார் இயக்குநர்.

“நான் சொன்னதுக்கு ஆதாரம்?”

தணிக்கைக் குறிப்பும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

டிசம்பர் கடைசியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தாங்கள் மேற்படி மூல நிரலைக் கற்றதற்கான ஆதாரம் எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லாமையால், தாங்கள் அதைப் படிக்கவில்லை எனக் கருதப்படுகிறது. எனவே ஒப்பந்தம் நீட்டிக்க வழியில்லை.

அனுப்பிரியா அதை இரண்டு தடவை படித்தாள். கல்லூரி லீவு நாட்களில் என்னோடு கடலூருக்கு வந்து, ரயிலில் நான் தூங்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். என் பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்தாள். பிறகு தெருமுனைக் கடைக்குப் போய்க் கடிதத்தை மூன்று ஜெராக்ஸ் எடுத்துவந்தாள். ஒன்றை என் பெட்டியில் போட்டாள், ஒன்றைப் பீரோவில் வைத்தாள். மூன்றாவதைப் பெண்ணாடத்தில் இருக்கும் அவள் அம்மாவுக்கு அனுப்பக் கவரில் போட்டாள்.

“மூணு எதுக்கு?” என்றேன்.

“அந்த ஆபீசுல உங்களப் பத்தி எழுதுன ஒரே உண்மை இதாங்க. தொலைஞ்சிடக் கூடாதில்ல” என்றாள்.